மரம் வெட்டுற வேலைக்கு 40-க்கு மேல வரலாமா? கேட்டவங்களுக்கு பதில்

இங்கிலாந்துல ட்ரீ சர்ஜனா இருக்கேன், 43 வயசுல வேர்ஹவுஸை விட்டுட்டு வந்தவன். கேளுங்க.

கே: 46 வயசு, லண்டன். மரம் ஏறக் கத்துக்கலாமா அண்ணா?

கத்துக்கலாம், ஆனா நாளைக்கே ஏறணும்னு வராதீங்க தம்பி. முதல்ல கிரவுண்டி, அதாவது மேலேருந்து விழுற கொப்பை இழுத்து சிப்பர்ல, அதான் கிளையைத் தூளாக்குற மெஷின்ல, போடுறது, கயித்தை சிக்காம வச்சிருக்கிறது, சாயங்காலம் ரோட்டைக் கூட்டுறது வரைக்கும். முதல் மாசம் எனக்கு சோறு பிசையவே விரல் மடங்கலை. இந்த வேலைக்கான சான்றிதழ், சிட்டி அண்ட் கில்ட்ஸ் டிக்கெட்டும் அப்படித்தான், முதல்ல செயின்சா (சங்கிலி ரம்பம்) பராமரிப்பு, குறுக்கு வெட்டு, அப்புறம் ஏறுறதும் மேல மாட்டினவரை இறக்குறதும், அதுக்கப்புறம்தான் கயித்துல தொங்கிட்டு செயின்சா. ஒருத்தர் மேல இருந்தா அவரை இறக்கத் தெரிஞ்சவர் கீழ நிக்கணும். தனியா ஏறாதீங்க.

கே: எந்த செயின்சா வாங்கலாம்?

முதல்ல செயின்சாவுக்குன்னே இருக்கிற காப்பு பேண்ட் வாங்குங்க. அதுக்குள்ள நீள நீளமா நார் அடுக்கியிருக்கும், சங்கிலி பட்டதும் உருவிட்டு வந்து பல்சக்கரத்துல சுத்தி மெஷினை நிறுத்திடும். ஏறுறவங்களுக்கு கால் முழுக்க சுத்திவர காப்பு இருக்கிற டைப் சி. தனியா ஏறாதீங்க.

கே: பொள்ளாச்சி. தென்னை ஏறக் கத்துக்கணும்.

என் ஏரியா இல்லை. தென்னை வளர்ச்சி வாரியத்துல மெஷின் வச்சு ஏறுற பயிற்சி பத்திக் கேளுங்க.

கே: வெட்டின இடத்துல தார் பூசணும்ல?

வேண்டாம்.

கே (அதே ஆள்): எங்க தாத்தா பூசின மாமரம் இன்னும் காய்க்குதே?

தாராலயா சார் காய்க்குது? அமெரிக்க வனத்துறையில அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் தண்டு தண்டா செயின்சாவால பொளந்து பாத்து 1970-கள்லயே எழுதிட்டார், மரத்துக்கு நம்மள மாதிரி புண் ஆறாது, கெட்டதை உள்ளயே சுவர் கட்டி அடைச்சிட்டு மேல புதுசா வளரும். கிளை தண்டுல சேர்ற இடம் கழுத்துப்பட்டை மாதிரி வீங்கியிருக்கும்ல, அதை விட்டு வெளிய வெட்டுங்க, போதும். அதையும் சேத்துச் சீவிட்டு தார் அடிச்சா ஈரத்தை உள்ள வச்சு மூடின கதைதான்.

கே (அதே ஆள்): அப்ப கரையான்?

அதுக்கு ஊர்ல அடிமரத்துல அடிக்கிறது வேற விஷயம் சார், வெட்டுக்காயத்துக்கு மருந்து இல்லை. விடுங்க.

கே: எனக்கு 51, வரலாமா?

முதல் பதில்.

கே: 48?

ஐயா, முதல் பதில்.

கே: பக்கத்து வீட்டு ஓக் மரத்தைப் பாதியா வெட்டச் சொன்னாங்க. நாளைக்கு நானும் மச்சானும் போறோம்.

டிபிஓ, அதாவது மரத்தைப் பாதுகாக்கிற உத்தரவு, இருக்கான்னு கவுன்சில்ல கேட்டீங்களா? பாதுகாத்த மரத்தைக் கேக்காம வெட்டினா அபராதம் உங்க தலையிலயும் விழும். மொட்டையடிச்சா துடைப்பம் மாதிரி கிளைச்சு, பிடிப்பில்லாம ஒடிஞ்சு விழும். மேல ஏறி உங்களை இறக்க மச்சானுக்குத் தெரியுமா?

கே: அவர் வேன் ஓட்டுவார்.

போகாதீங்க.