அகலத்திரையும் அறுபட்ட தலைகளும்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

பழைய கார்ட்டூன் தொடர்களைப் புதிய தொலைக்காட்சியில் பார்ப்பது பற்றி இம்முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்காகவும், தங்கள் இளமையைத் திரும்பப் பார்க்கவும் பலர் பணம் செலவழித்திருக்கிறார்கள். எனவே இந்த வாரம் முழுக்க இதுதான்.

புதிதாக 55 அங்குலத் தொலைக்காட்சி வாங்கினோம். நாங்கள் சிறுவயதில் தமிழில் பார்த்த ஜாக்கி சான் கார்ட்டூனைப் பிள்ளைகளுக்குப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறது. கடையில் கேட்டால், "இதைவிட நல்ல மாடல் எடுத்தால் வராது" என்கிறார்கள். கூடுதல் பணம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா?
— செந்தூல் வாசகி

ஒரு காசு கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் தொலைக்காட்சியில் பழுது எதுவும் இல்லை. கடைக்காரர் சொன்னதுதான் பொய்.

2000 முதல் 2005 வரை வெளிவந்த அந்தத் தொடர், பழைய பெட்டித் தொலைக்காட்சிக்காக 4:3 அளவில் வரையப்பட்டது. அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு. இன்றைய திரைகளோ 16:9. உங்கள் வீட்டுத் திரை ஏறத்தாழ 48 அங்குல அகலமும் 27 அங்குல உயரமும் கொண்டது. 27 அங்குல உயரத்திற்கு 4:3 படம் 36 அங்குல அகலம்தான் வரும். மிச்சம் 12 அங்குலம், பக்கத்திற்கு 6 அங்குலம் கறுப்பு. எத்தனை ஆயிரம் கொடுத்து எந்த மாடல் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அவர் சொல்லும் 'நல்ல மாடல்' இரண்டில் ஒன்றைத்தான் செய்யும். படத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், அல்லது பெரிதாக்கி மேலேயும் கீழேயும் வெட்டும். இரண்டையும் உங்கள் கையில் இருக்கும் ரிமோட்டே செய்யும். தயவுசெய்து செய்யாதீர்கள். இழுத்தால் எல்லா முகங்களும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். பட அளவை 'ஒரிஜினல்' அல்லது '4:3' என்று வைத்துவிட்டு நிம்மதியாகப் பாருங்கள். டிகோடர் (செட்-டாப் பெட்டி) வழியாகப் பார்ப்பதாக இருந்தால் அதிலும் ஒரு முறை பட அளவைச் சரிபாருங்கள். பல வீடுகளில் படத்தை இழுத்து வைத்திருப்பது அதுதான்.

'ஃபுல் எச்டி 1080' என்று அட்டையில் போட்ட கார்ட்டூன் டிவிடி, 25 வெள்ளி (ரிங்கிட்). படம் மங்கல்.
— கெப்போங் வாசகர்

'ஃபுல் எச்டி' என்ற உயர் தெளிவுக்குப் படத்தில் மேலிருந்து கீழாக 1080 கோடுகள் வேண்டும். டிவிடியில் 480 அல்லது 576 கோடுகளுக்கு மேல் கிடையாது. அட்டையில் எதை அச்சிட்டாலும் அது எச்டி ஆகாது. திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

இணையக் கடை ஒன்றில் 320 வெள்ளிக்கு டிராகன் பால் இசட் கார்ட்டூனின் புளூ-ரே வட்டு செட் வாங்கினேன். "புதுப்பிக்கப்பட்ட அகலத்திரைப் பதிப்பு, முழுப் படம், எதுவும் வெட்டப்படவில்லை" என்று விளம்பரத்தில் இருந்தது. போட்டுப் பார்த்தால் பாதிக் காட்சிகளில் தலைக்கு மேல் பகுதியே இல்லை. கேட்டதற்கு, "தயாரிப்பு நிறுவனமே அப்படித்தான் வெளியிட்டது, நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார் விற்றவர். மகனின் பிறந்தநாளுக்காகச் சேர்த்து வைத்த பணம் ஐயா.
— ஜெலுத்தோங், பினாங்கு

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த வியாபாரம் பல ஆண்டுகளாக நடக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொடர் ஜப்பானில் 1989 முதல் 1996 வரை ஒளிபரப்பானது. தாளில் வரைந்து, செல்லுலாய்டுத் தகட்டில் வண்ணம் தீட்டி, 16 மில்லிமீட்டர் பிலிமில் பிடித்தார்கள். அந்த பிலிமில் 4:3 சட்டத்துக்கு வெளியே அகலத்திரையை நிரப்பும் அளவுக்குப் படம் எதுவும் கிடையாது. அப்படியிருக்க, இழுக்காமல் அதை 16:9 ஆக்க ஒரே வழி, மேலேயும் கீழேயும் வெட்டுவது. வெட்டினால் வரைந்த படத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். 2007-இல் அமெரிக்காவில் வந்த டிவிடி செட்டுகளில் இதைத்தான் செய்தார்கள். 2013 இறுதியில் வரத் தொடங்கிய புளூ-ரே செட்டுகளிலும் மறுபடி செய்தார்கள். வெட்டியதற்கு 'புதுப்பித்தது' என்று பெயரிட்டு, முழுப் படத்தைவிட உயர்ந்தது போல விற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புடவையில் முந்தானையை அறுத்து எடுத்துக்கொண்டு, புது மோஸ்தர் என்று விலை கூட்டினால் வாங்குவோமா?

வேறொரு ஜப்பானியத் தொடரின் இத்தகைய செட் ஒன்றை நானும் கோலாலம்பூர் கடை ஒன்றில் வாங்கினேன். என்னிடம் பழைய டிவிடியும் இருந்ததால், இரண்டையும் ஒரே காட்சியில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தேன். பழையதில் நாயகனின் தலைமுடி நுனியிலிருந்து இடுப்புக் கச்சையின் முடிச்சு வரை தெரிகிறது. புதியதில் முடி நெற்றிக்குச் சற்று மேலே நேர்க்கோடாக நின்றுவிடுகிறது, முடிச்சே இல்லை. போதாக்குறைக்கு, பிலிமுக்கே உரிய நுண்புள்ளிகளைத் துடைக்கிறோம் என்று தூரிகைக் கோடுகளையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள். பின்னணியில் இருந்த மரத்தின் கிளைகள் பச்சைத் திட்டாகிவிட்டன. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையைப் பிரித்தால் விற்றது விற்றதுதான் என்றார்.

இது ஏதோ ஜப்பானியத் தொடர்களுக்கு மட்டும் நேர்ந்த கதி அல்ல. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, சிம்சன்ஸ் தொடரின் பழைய அத்தியாயங்களை 16:9 ஆக வெட்டிப் போட்டார்கள். ஒரு காட்சியில் மதுபான ஆலையில் மூன்று வெவ்வேறு பெயர் கொண்ட பீர்த் தொட்டிகள் நிற்கும். மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்துதான் பீர் வரும். அதுதான் நகைச்சுவை. மேல்பகுதியை வெட்டியதும் குழாய் போயிற்று, நகைச்சுவையும் போயிற்று. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2020 மே மாதம் 4:3 படத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

இனி உங்கள் 320 வெள்ளி. நிறுவனம் எப்படி வெளியிட்டது என்பது உங்களுக்குத் தேவையில்லாத பேச்சு. "எதுவும் வெட்டப்படவில்லை" என்று எழுதி விற்றவர் இந்தக் கடைக்காரர். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் வர்ணனைக்குப் பொருந்தியாக வேண்டும். இணைய வியாபாரமும் இதற்குள் அடங்கும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பால் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. விளம்பரத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அதை மாற்றிவிடுவார்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யுங்கள். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விடாதீர்கள்.

சிம்சன்ஸ் 20-ஆம் பருவத்தின் செட் வாங்கினேன். சில அத்தியாயங்கள் பெட்டி வடிவம், சில திரை முழுக்க. கள்ளப் பதிப்பு என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டேன்.
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்தத் தொடர் 2009 பிப்ரவரி 15 அன்று, 20-ஆம் பருவத்தின் நடுவில்தான் அகலத்திரைக்கும் எச்டிக்கும் மாறியது. உங்கள் செட் சரியானது. வெட்டாமல், வந்தது வந்தபடி கொடுத்திருக்கிறார்கள்.

எந்தத் தொடர் எப்போது மாறியது என்று தெரிந்தால் வாங்கும்போது உதவும் அல்லவா?
— பாயான் லெப்பாஸ் வாசகி

நல்ல கேள்வி. இதைக் கடைக்குப் போகும் முன் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒன் பீஸ் 2004-இல், 207-ஆம் அத்தியாயத்தில் அகலத்திரைக்கு மாறியது. ஃபேமிலி கை 2010-இல் எச்டிக்கு வந்தது, ஸ்பாஞ்ச்பாப் 2012-இல். சவுத் பார்க் 2009-இல் மாறியது. அது பிள்ளைகளுக்கான தொடர் அல்ல, வாங்குமுன் கவனியுங்கள். ஆனால் அதில் ஒரு விசேஷம் உண்டு. கணினியில் செய்த தொடர் என்பதால், பழைய பருவங்களையும் மூலக் கோப்புகளிலிருந்தே அகலத்திரைக்குப் புதிதாக உருவாக்கினார்கள். அகலத்திரைப் பதிப்பில் உண்மையிலேயே கூடுதல் படம் இருப்பது இந்த மாதிரி அரிய இடங்களில்தான்.

அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர் டிவிடியில் வைத்திருக்கிறேன். புளூ-ரே வாங்கினால் படம் கண்ணாடிபோல் இருக்குமா?
— ஆயர் ஈத்தாம், பினாங்கு

இருக்காது. 2005 முதல் 2008 வரை வந்த அந்தத் தொடர் சாதாரணத் தெளிவில் முடிக்கப்பட்டது. 2018-இல் வந்த புளூ-ரேயில் அதே படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். டிவிடியைவிடச் சற்றுச் சுத்தமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இதில் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். பழைய தொடர் என்றால் மங்கல், பிந்தியது என்றால் தெளிவு என்று எண்ணுகிறார்கள். 1992-இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் பிலிமில் எடுத்தது. பிலிமை மறுபடி ஸ்கேன் செய்தால் எச்டி கிடைக்கும். 2018-இல் அப்படித்தான் புளூ-ரேயில் கொண்டுவந்தார்கள், அதுவும் 4:3 வடிவம் கெடாமல். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல தொடர்கள் பிலிமைக் கைவிட்டுக் கணினிக்கு மாறி, அன்றைய தொலைக்காட்சித் தெளிவிலேயே முடிக்கப்பட்டன. அவற்றுக்குத் திரும்பிப் போக பிலிம் இல்லை. ஆகவே 'எச்டி' என்ற சொல்லைப் பார்த்ததும் பணப்பையைத் திறக்காமல், முதலில் தொடர் எதில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். பிலிம் என்றாலோ, எச்டியிலேயே எடுத்தது என்றாலோ புளூ-ரேக்குப் பணம் கொடுக்கலாம். இல்லையென்றால் உங்கள் டிவிடியே போதும்.

பிரிட்டனிலிருந்து 240 வெள்ளிக்குத் தருவித்த புளூ-ரே என் பிளேயரில் ஓடவில்லை. அனுப்பியவர் 'பி' வட்டாரம் என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறார். எழுதியிருந்தது உண்மைதான், நான் கவனிக்கவில்லை. வழக்குத் தொடுக்கலாமா?
— பங்சார் வாசகர்

முடியாது. அவர் எழுதினார், நீங்கள் படிக்கவில்லை. வட்டாரம் குறித்த வட்டு அந்த வட்டாரத்துப் பிளேயரில்தான் ஓடும். புளூ-ரேயில் மலேசியா 'ஏ' வட்டாரம். அமெரிக்காவும் ஜப்பானும் அதே 'ஏ'. பிரிட்டன் 'பி'. 240 வெள்ளிப் பொருளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கிப் படிக்காதவருக்காக எந்தச் சட்டமும் ஓடி வராது.

"4கே தெளிவில் உலகக் கார்ட்டூன்கள் அனைத்தும், வாழ்நாள் முழுதும் இலவசம்" என்று 450 வெள்ளிக்குத் தொலைக்காட்சியில் இணைக்கும் ஒரு பெட்டி வாங்கினேன். நாலே மாதத்தில் எல்லாம் நின்றுவிட்டது.
— ஸ்தாப்பாக் வாசகர்

இந்தக் கடிதம் வெவ்வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. திருட்டு ஒளிபரப்புக்கு ஏது வாழ்நாள்? 2022 முதல் இத்தகைய பெட்டிகளை விற்பது பெருங்குற்றம். அபராதம் 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை, சிறையும் உண்டு. விற்றவரைப் பற்றி உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுங்கள். அடுத்த பெட்டியை வாங்காதீர்கள்.

நான் ஓய்வு பெற்றவன், வயது 71. பேரப்பிள்ளைகள் வந்தால் கார்ட்டூன் பார்க்கவென்று பழைய பெட்டித் தொலைக்காட்சி ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டு வாசலுக்கு வந்த ஒருவர், அரசாங்க உத்தரவு என்று சொல்லி, "இதைப் பொருத்தினால் பழைய டிவியும் எச்டி ஆகிவிடும்" என 380 வெள்ளி வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். படம் முன்பு போலவேதான் இருக்கிறது.
— பிறை

ஐயா, நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை. பாதி உண்மையைச் சொல்லி ஏமாற்றுபவனிடம் யாரும் விழுவார்கள். பழைய முறை ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-உடன் நாடு முழுவதும் நின்றுவிட்டது உண்மை. பழைய தொலைக்காட்சியில் மைஃப்ரீவியூ என்னும் இலவச டிஜிட்டல் அலைவரிசைகளைப் பார்க்க ஒரு டிஜிட்டல் பெட்டி வேண்டும் என்பதும் உண்மை. அந்தப் பெட்டி உங்கள் தொலைக்காட்சியை எச்டி ஆக்கும் என்பது பச்சைப் பொய். சாதாரணப் பழைய படக்குழாய்த் திரையால் எச்டியைக் காட்டவே முடியாது. உங்கள் வாசலுக்கு வந்து விற்கும்படி எந்த அரசாங்கமும் அவரை அனுப்பவும் இல்லை.

அவர் கொடுத்த காகிதம், பெட்டியின் அட்டை, கைப்பேசி எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஜார்ஜ்டவுன் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திற்குப் பிள்ளைகளில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். தமிழிலேயே பேசலாம், புகார் எழுதவும் உதவுவார்கள். அதுவரை பேரப்பிள்ளைகளுக்குப் பழைய கார்ட்டூன்களை அந்தத் தொலைக்காட்சியிலேயே போட்டுக் காட்டுங்கள். அவை அந்தத் திரைக்காகவே வரையப்பட்டவை. கறுப்புப் பட்டையும் வராது.

என்னிடம் ரசீது இல்லை. வாட்ஸ்அப் உரையாடலும் வங்கியில் பணம் போட்ட பதிவும் மட்டுமே உள்ளன. நடுவர் மன்றம் ஏற்குமா?
— சுங்கை பாக்காப், பினாங்கு

ஏற்கும். இரண்டையும் தேதியும் எண்ணும் தெரியும்படி அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.