வெண்ணெயும் சுண்ணாம்பும்

வணக்கம். “அண்ணன் சாது, தம்பி முரடன், இருவரும் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு” என்று உங்கள் மகள் எழுதியதை ஆசிரியர் தவறு என்று கோடிட்டு அடித்தது சரிதாங்க. இந்த மரபுத்தொடர் இருவரின் குண வேறுபாட்டைச் சொல்லாது. அவர்களை நடத்தும் மூன்றாவது ஆளின் ஓரவஞ்சனையைச் சொல்லும். வெண்ணெய் குளிர்ச்சி, சுண்ணாம்பு எரிச்சல். ஒரு பேரனுக்கு நெய் தோசை, இன்னொருவனுக்கு நேற்றைய பழையது என்று பாட்டி பரிமாறினால், “பாட்டி ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைக்கிறார்” எனலாம். வைப்பது யார் என்று வாக்கியத்தில் தெரிந்தே ஆகவேண்டும். அண்ணன் தம்பிக்கு, “இருவரும் எதிரும் புதிருமான குணம் உள்ளவர்கள்” என்று எழுதச் சொல்லுங்கள். “மலைக்கும் மடுவுக்கும்” உயர்வு தாழ்வைக் காட்டுவது, இங்கே வேண்டாம். பிள்ளை மரபுத்தொடரைத் தேடிப் பிடித்து எழுதியதே பெரிய விஷயம், அதற்காகத் தட்டிக்கொடுங்கள்.