டின்னில் பிறந்த பீன்ஸ்

வணக்கம் ஐயா,

மகனோடு அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்து மினியாப்போலிஸில் இருக்கிறேன். மருமகள் அந்த ஊர்ப் பெண். இந்த தேங்ஸ்கிவிங்குக்கு, அதாவது இவர்களுடைய நன்றி சொல்லும் பண்டிகைக்கு, சம்பந்தி வீட்டில் விருந்து. பச்சை பீன்ஸ் காஸரோல் நான் கொண்டுவருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். பீன்ஸை டின்னில் வரும் காளான் சூப்பில் கலந்து, பொரித்த வெங்காயம் தூவி, அவனில் வைத்து எடுக்கிற பதார்த்தம் அது. டின் சூப் எதற்கு என்று வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றி, காளான் நறுக்கிப் போட்டு, வெங்காயமும் நானே பொரித்தேன். காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. எல்லாரும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு, “வித்தியாசமாக இருக்கிறது” என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று சம்பந்தியம்மா டின்னைத் திறந்து செய்துவைத்தது வழித்துத் துடைத்த மாதிரி காலி. வீட்டுச் சமையலைவிட டப்பா உசத்தியா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

மினசோட்டாக்காரர்கள் “வித்தியாசமாக இருக்கிறது” என்றால் அது பாராட்டில்லை என்று இதற்குள் புரிந்திருக்கும். போகட்டும்.

பாட்டி காலத்துப் பதார்த்தத்தை டப்பா கெடுத்துவிட்டது, நாம் மீட்டெடுப்போம் என்று நினைத்துவிட்டீர்கள். இதில் கதை தலைகீழ். நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில், டோர்கஸ் ரைலி என்ற பெண்மணியும் அவர் குழுவும் 1955-இல் உருவாக்கியது இது. எந்த வீட்டிலும் கையிருப்பில் இருக்கிற பொருளை வைத்துச் செய்வதாக இருக்கவேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. காளான் சூப் டின் 1934-லிருந்தே கடையில் இருந்தது. ஆக, மூலம் சம்பந்தியம்மா செய்தது. நீங்கள் செய்தது அதன் நகல், நல்ல நகலாகவே இருந்திருக்கலாம்.

உங்கள் ஊரில் அந்தச் சூப்புக்கே ‘லூதரன் பைண்டர்’ என்று கேலிப்பெயர் உண்டு. லூதரன் என்பது அங்கே நிறையப் பேர் சேர்ந்த கிறிஸ்தவச் சபை, பைண்டர் என்றால் ஒட்டவைப்பது. சர்ச் விருந்துகளில் கறி, காய், நூடுல்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற பசை அந்தச் சூப்.

சரி, ருசிக்கு வருவோம். ஒன்று கேட்கிறேன், சோயா சாஸ் விட்டீர்களா? ரைலியின் குறிப்பில் ஒரு தேக்கரண்டி உண்டு. அமெரிக்கப் பண்டிகைச் சாப்பாட்டில் அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தோன்றும், ஆனால் அடிநாக்கில் நிற்கிற சுவையில் அதற்குப் பங்குண்டு. அப்புறம் உப்பு. டின் சூப்பில் உப்பு தாராளம். நாம் வெள்ளை சாஸுக்குப் பயந்து பயந்து ஒரு சிட்டிகை போடுவோம். அவர்கள் நாக்கு சின்ன வயதிலிருந்து அந்த உப்புக்குப் பழகியது. வெங்காயத்தையும் அவர்கள் இரண்டு பங்காகப் பிரிப்பார்கள். பாதி உள்ளே கலந்துவிடும், ஊறிக் கரைந்து குழம்பு கெட்டிப்படும். மீதியைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் மேலே தூவவேண்டும். முதலிலேயே தூவினால் கருகிவிடும்.

நம் வீட்டுச் சாம்பாரில் விழுகிற பெருங்காயமும் கம்பெனிக்காரன் மாவும் பிசினும் கலந்து டப்பாவில் அடைத்ததுதானே! அதை யாரும் வீட்டுச் சமையல் இல்லை என்று சொல்வதில்லை.

அதற்காக எல்லா டின்னும் தெய்வம் என்று நான் சொல்லவில்லை. டின் பீன்ஸ் எனக்குப் பிடிக்காது, பல்லுக்கு வேலையே வைக்காமல் குழைந்துகிடக்கும். அடுத்த வருடம் பீன்ஸை மட்டும் புதிதாக வாங்கி, கடித்தால் சற்று நறுக்கென்று இருக்கும்படி வேகவைத்துக்கொள்ளுங்கள். சூப்பும் வெங்காயமும் டின்னிலிருந்தே வரட்டும்.

அதே விருந்தில் வைக்கிற கிரான்பெரி சாஸில், அந்தப் புளிப்புச் சிவப்புப் பழச் சாஸில், மட்டும் கை வைத்துவிடாதீர்கள். ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். டின்னைக் கவிழ்த்துத் தட்டினால், டின்னின் வரிகள் அப்படியே பதிந்த சிவப்பு உருளை ஒன்று வழுக்கிக்கொண்டு தட்டில் விழும். அந்த வரிகளைப் பார்த்து வட்டம் வட்டமாக வெட்டிப் பரிமாறினார்கள். அவர் மனைவி பழம் வாங்கி, ஆரஞ்சுத் தோல் சீவிப்போட்டுக் காய்ச்சிய சாஸும் பக்கத்திலேயே இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, நான் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். அவர்கள் பையன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “இதில் கோடு இல்லையே” என்று தட்டை இழுத்துக்கொண்டான்.