சாகக் கிடப்பவரிடம் 'காலா, உனை நான் சிறு புல்லென மதிக்கிறேன்' என்று வாசித்துக் காட்டலாமா?

இதைக் கேட்டவர் வீட்டிலும் யாரோ படுக்கையில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சும்மா இருக்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. 'தைரியம் கொடுக்குமா, இல்லை இரக்கமில்லாத காரியமா' என்று கேட்டிருக்கிறீர்கள். நான் என் அப்பாவுக்கு வாசித்திருக்கிறேன். ஒரு தடவை தப்பாக, ஒரு தடவை சரியாக. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா மதுரையில் அச்சுக்கோப்பவர். சிம்மக்கல் பக்கம் ஒரு பிரஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கும் கையுமாக நின்றவர். படிப்பு எட்டாவதுதான். ஆனால் கல்லூரிப் பாடப் புத்தகங்களைக் கோத்துக் கோத்தே சங்கப் பாட்டில் பாதி அவருக்கு மனப்பாடம். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசை கட்ட வேண்டும். அச்சடித்து முடிந்ததும் மறுபடி பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். "ஒரு பாட்டு என் கைவழியா ரெண்டு தடவை போகும் தாயி" என்பார். பாரதி 1904இல் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர் இல்லையா, அந்தப் பள்ளியைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் இருந்தே ஒரு கும்பிடு போடுவார்.

சர்க்கரையில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு ரத்தக்குழாயை இணைத்து வைப்பது. அதன் மேல் விரல் வைத்தால் கிர்ரென்று ஓடும். "டிரெடில் மிஷின் ஓடுது பாரு" என்று, காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மிஷினைச் சொல்லி, பேரன் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார்.

முதல் மாதம் மனுஷன் ஒடிந்து போயிருந்தார். நான் திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பாரதியை எடுத்துச் சத்தமாக 'காலா! உனைநான் சிறு புல்லென மதிக்கிறேன். என்றன் காலருகே வாடா! சற்றே உனை மிதிக்கிறேன்' என்று வாசித்தேன். தெம்பு வரும் என்று நம்பினேன். பார்க்க வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "யானை மிதிச்சுச் செத்தவரு எமனை மிதிக்கப் போனாராக்கும்" என்றார். அப்பா கண்ணைத் திறக்காமலே, "யானை தள்ளுனது வேற, செத்தது வேற. அடிபட்டு எந்திரிச்சு, ஈரோடு கருங்கல்பாளையம் வரைக்கும் போயி, மனிதனுக்கு மரணமில்லைன்னு பேசிட்டு வந்தவரு. செப்டம்பர்ல வயித்துக்கடுப்புலதான் போனாரு, முப்பத்தெட்டு வயசுல" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ எதுக்குத் தாயி எனக்காகச் சவால் விடுற? எமன்கிட்டப் பேச எனக்கு வாய் இருக்கு" என்றார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அது ஏன் தப்பு என்று அன்றைக்கு விளங்கவில்லை. விளங்கியது தண்ணீர் விஷயத்தில்.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். அப்பாவுக்கு நாள் முழுக்க முக்கால் லிட்டர். காபி, கஞ்சி, மாத்திரை முழுங்குகிற தண்ணி எல்லாம் அதற்குள். அம்மா ஒரு பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தார். சித்திரை வெயிலில் நாக்கில் ஒரு ஐஸ் துண்டை வைத்துக்கொண்டு அது கரைகிற வரைக்கும் பேசாமல் இருப்பார். ஒருநாள் மிஷினில் படுத்திருக்கும்போது மூன்றாவது மணி நேரத்தில் தொண்டை வறண்டு, அங்கே இருந்த பையனிடம் ஒரு மடக்கு கேட்டிருக்கிறார். "சும்மா சும்மா கேக்காத பெருசு" என்று போனவன், ரொம்ப நேரம் கழித்து வந்து டம்ளரை டங்கென்று வைத்திருக்கிறான். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை, சொல்லி இனி என்ன ஆகப் போகிறது. அப்பா அந்த டம்ளரைக் கையில் எடுத்து, பார்த்து, அப்படியே திருப்பி வைத்துவிட்டார்.

திரும்பும்போது ஆட்டோ ஏ.வி. பாலத்தில் நெரிசலில் நின்றது. கீழே வைகை மணலாகக் கிடந்தது. அப்பா உதடு வெடித்த வாயோடு, 'குழவி இறப்பினும் ஊன்தடி பிறப்பினும்' என்று ஆரம்பித்தார். புறநானூறு 74. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. செங்கணான் என்ற சோழனிடம் தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தவன். தண்ணீர் கேட்டான், உடனே தரவில்லை. பிறகு வந்ததைக் கையில் வாங்கி, குடிக்காமல், இந்தப் பாட்டைச் சொல்லிவிட்டுச் செத்தான் என்று பாட்டின் அடிக்குறிப்பே சொல்கிறது. செத்துப் பிறந்த குழந்தையையும், வெறும் சதைப்பிண்டத்தையும்கூட 'ஆள் இல்லை' என்று தள்ளாமல் வாளால் கீறிப் புதைக்கிற குடியில் பிறந்துவிட்டு, சங்கிலியில் கட்டிய நாய் மாதிரி இருந்து, வயிற்றுத் தீ தணியச் சோற்றுக்குப் பிச்சை கேட்கவா என்னைப் பெற்றார்கள் என்பது பாட்டு. 'தொடர்ப்படு ஞமலியின்' என்ற இடத்தில் அப்பா ஃபிஸ்டுலா கையைத் தூக்கிக் காட்டினார். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்பா முகத்தில் அந்த மாதத்தில் முதல் தடவையாக ஒரு களை.

தண்ணீரை மறுத்தது நல்லது என்று சொல்ல வரவில்லை, மருத்துவர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அப்பா அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் ஒரு முறை தவறாமல் டயாலிசிஸுக்குப் போனார், கோட்டைத் தாண்டிக் குடிக்கவில்லை. அந்தப் பையனையே அடுத்த வாரம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "தம்பி, தண்ணி" என்று நேராகக் கேட்டு வாங்கினார், கெஞ்சாமல். நான் சொல்வது இதுதான். படுத்துக் கிடக்கிறவர் பயப்படுவது எமனைவிட, கையேந்துகிற நிலையைத்தான். அப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று அவர் பாடியது நோயில் கிடந்து அல்ல, பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது என்கிறது பெரியபுராணம். யாருக்கும் குடியல்லோம் என்பது முதலில் வருகிறது. நமன் அடுத்துதான் வருகிறான். பாரதியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் 'நான்' என்று பாடியதை நான் எடுத்து, அப்பாவுக்குப் புத்தி சொல்கிற மாதிரி வாசித்தேன். அதுதான் பிசகு.

கடைசி மாதம் ஒரு ராத்திரி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அவரே "காலா" என்று எடுத்தார். அடுத்த சொல்லுக்கு மூச்சு வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் "உன்னை நான் சிறு" என்று தொடர்ந்தேன். கையை அசைத்து நிறுத்தினார்.

"உனை. ஒரு ஒத்து கூடிருச்சு. தாளம் இடிக்கும்."

திருத்திச் சொன்னேன். அதற்குப் பிறகு மார்க்கண்டன் வருகிற இடம் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: அவர் கேட்டால் வாசியுங்கள், அவர் எடுத்தால் தொடருங்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. செல்லூரில் எங்கள் தெருமுனையில் சொந்தக்காரப் பையன்கள் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அன்போடு கட்டியதுதான். அதில், 'காலா உன்னை நான் சிறு புள்ளென மதிக்கிறேன்'. புல் புள்ளாகிவிட்டது, புள் என்றால் பறவை. ஆயுசு முழுக்கப் புரூஃப் பார்த்த மனுஷனுக்கு! கடைக்காரரிடம் கேட்டால், "யாருக்கா இதையெல்லாம் பாக்கப் போறா" என்கிறார். அந்தக் காலத்தில் சாவு நோட்டீஸ்கூட இரண்டு தடவை புரூஃப் போகும், ஒரு எழுத்து மாறினால் முதலாளி நூறு தாளையும் கிழித்துப் போடுவார். இப்போது இந்த மதுரையில் ஒரு போஸ்டரில் ஒற்றுப்பிழை இல்லாமல் காட்டுங்கள், பார்ப்போம்.

தத்தனேரி சுடுகாட்டில் காரியம் முடிந்து வந்த அன்று ராத்திரி, தம்பியை ஏணி பிடிக்கச் சொன்னேன். வெள்ளைத்தாளில் 'உனை' என்றும் 'புல்லென' என்றும் கொட்டை எழுத்தில் எழுதி, மைதாப் பசை காய்ச்சி, அந்த இரண்டு சொல் மேலும் ஒட்டிவிட்டு இறங்கினேன்.