கோர்ஸ் மாற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள அம்மாவுக்கு,

போன வாரம் என்னிடம் ஆலோசனை கேட்க தர்மபுரிக்கு மகனோடு வந்தபோது, பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "இவனை இனிமே எந்தக் கோர்ஸ்ல சேர்க்கலாம் சார்?"

இப்போதைக்கு எதிலும் வேண்டாம். மெக்கானிக்கல் டிப்ளமோவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான். ஓசூர் கம்பெனியிலும் தேர்வு வைத்துத்தான் எடுத்தார்கள். அந்த வேலையை 19-ம் நாளே விட்டுவிட்டு வந்தது தொழில் தெரியாததால் இல்லை.

நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னதை, அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சட்டையின் கடைசிப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தான். சூப்பர்வைசர் திட்டியபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். "கோபம் வந்துச்சு" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். நானும் பேசாமல் இருந்தேன். வெகு நேரம் கழித்து, "எல்லார் முன்னாடியும் திட்டினாரு சார், அசிங்கமா போச்சு" என்றான். அப்போதுதான் கை பட்டனை விட்டது.

கோபத்துக்கு அடியில் கிடந்தது அவமானம். அது அவனுக்கே அன்று தெரியவில்லை. தெரிந்திருந்தால், "தப்பு எங்கேன்னு காட்டுங்க சார், சரி பண்ணிடறேன். அடுத்த தடவை தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம். கோபம் மட்டுமே தெரிந்தால் ஐடி கார்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வரத்தான் தோன்றும். மனதில் இருப்பதற்குச் சரியான பெயர் வைத்தாலே அதன் வேகம் குறைகிறது. 2007-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையை ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறார்கள். உணர்ச்சியைச் சொல்லில் சொல்லும்போது, பயத்தையும் பதற்றத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி அடங்குகிறது.

வீட்டிலும் இதைப் பழக்குங்கள். அவன் முகம் சுருங்கும்போது "என்னடா ஆச்சு?" என்று உடனே கேட்க வேண்டாம். சாப்பாடு போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். அவனாகப் பேசுவான். பேசும்போது குறுக்கே புத்தி சொல்லாதீர்கள். சித்தப்பா மகனின் சம்பளப் பேச்சைத் தயவுசெய்து எடுக்கவே எடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பேச்சு அவனை எவ்வளவு காயப்படுத்துகிறது என்று நான் நேரில் பார்த்தேன்.

இன்னொன்று. 19 நாளில் ஷிப்டில் ஒருவரோடும் அவன் பழகவில்லை. ஓசூரில் பக்கத்து மெஷினில் தெலுங்கு பேசுபவர் இருப்பார், கன்னடக்காரர் இருப்பார், ஒடிசாவிலிருந்து வந்த பையன் இருப்பான். பாஷை தெரியாது என்று ஒதுங்கியிருக்கிறான். டீ நேரத்தில் "ஊர் எது?" என்று கேட்க எவ்வளவு பாஷை வேண்டும்? அப்படி ஒருவர் பழக்கமாகியிருந்தால், திட்டு வாங்கிய அன்று சாயங்காலம் "விடு தம்பி, அவர் எல்லாரையும் அப்படித்தான் பேசுவார்" என்று தோளில் கை போட்டிருப்பார். அவனும் மறுநாள் வேலைக்குப் போயிருப்பான்.

இதைக் கற்றுக்கொள்ள வகுப்பு எதுவும் தேவையில்லை. அவன் அப்பா தக்காளி ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போகும்போது இரண்டு வாரம் இவனையும் அவரோடு அனுப்புங்கள். விலை விழுந்த நாளில் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் மண்டிக்காரரிடம் மறுநாளும் வர வேண்டும் என்ற நினைப்போடுதான் பேசுவார். அந்தப் பேச்சை அவன் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

தூக்கம் வராமல், சாப்பிடாமல் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 14416-க்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மண்டிக்குப் போய்வந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவனை அனுப்புங்கள். துணைக்கு நீங்கள் வர வேண்டாம். அவனே பஸ் ஏறி வரட்டும். அன்றைக்கு அந்தச் சூப்பர்வைசரிடம் எப்படிப் பேசியிருக்கலாம் என்று இருவரும் பேசிப் பார்க்கப் போகிறோம். முதலில் நான்தான் சூப்பர்வைசர்.