கூலிக்கு நன்கொடை என்று பெயர்

கே: நியூசிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கடையில் ஒரு ஒயின் வரிசையைப் பார்த்தேன். அதை வாங்கினால் அந்நாட்டு வல்லூறைக் காப்பாற்றப் பணம் போகுமாம். மது விற்க இப்படியும் ஒரு வேஷமா?
– ஒரு வாசகர், திருச்சி

ப: எந்த ஒயின் என்று நீங்கள் எழுதவில்லை. பிராங்காட் எஸ்டேட் என்ற ஒயின் நிறுவனத்தின் ‘லிவிங் லேண்ட்’ வரிசை இப்படித்தான் மார்ல்பரோ வட்டாரத்து வல்லூறு அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தது. அதை வேஷம் என்று ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். எனக்கு உறுத்துவது ‘உதவி’ என்ற பேச்சுதான். அங்கே யார் யாருக்கு உதவுகிறார்கள்?

நியூசிலாந்தின் ஒயின் வட்டாரமான மார்ல்பரோவில் திராட்சை பழுக்கும் மாதங்களில் தோட்டக்காரர்களுக்குத் தூக்கமில்லை. நம் மைனாவின் உறவான ஸ்டார்லிங், பிளாக்பேர்டு, பூங்குருவி எல்லாம் பழத்தை முழுசாகவே பிடுங்கிக்கொண்டு போய்விடும். வெள்ளைக்கண்ணி என்ற சின்னக் குருவி பழத்தைக் கொத்தி ஓட்டை போட்டுவிட்டு அடுத்த குலைக்குத் தாவும். வலை போடுகிறார்கள், வெடி போடுகிறார்கள், துப்பாக்கியோடு வண்டியில் சுற்றுகிறார்கள். இத்தனை செலவையும் ஒரு பறவை குறைக்குமா என்று பார்க்கத்தான் 2005-இல் மலைப்பக்கத்துக் கூடுகளிலிருந்து வல்லூறுக் குஞ்சுகளை எடுத்து வந்து, சமவெளித் தோட்டங்களில் தீனி போட்டு வளர்த்துப் பறக்கவிட்டார்கள். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் காரெயரெயா என்று அழைக்கிற பறவை இது. அந்நாட்டு 20 டாலர் நோட்டில் இதன் படம் இருக்கிறது.

சாரா கிராஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-இல் கணக்கை வெளியிட்டார்கள். வல்லூறு இருந்த தோட்டங்களில் பிடுங்கப்பட்ட பழங்கள், அது இல்லாத தோட்டங்களைவிட 95 சதவீதம் குறைவு. கொத்துப்பட்டவை 55 சதவீதம் குறைவு. இந்த வெள்ளைக்கண்ணி லேசுப்பட்டதல்ல. வல்லூறு வந்தும் அதன் எண்ணிக்கை குறையவில்லை, கொத்துவதுதான் குறைந்தது. பணமாகப் பார்த்தால் சாவிஞான் பிளாங்க் திராட்சைக்கு ஹெக்டேருக்கு 234 அமெரிக்க டாலர், பினோ நுவாருக்கு 326 டாலர் வரை மிச்சமாகலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

இப்போது சொல்லுங்கள். சம்பளமில்லாத காவல்காரனுக்குச் சேரவேண்டியதில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்கொடை என்று பெயர் வைத்தால் எப்படி? அந்தக் கொஞ்சமும் பாட்டில் வாங்குகிறவரின் பையிலிருந்து வருவதாக இருந்தால், ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

காவல்காரனின் பாடு இன்னும் மோசம். காரெயரெயா குச்சி அடுக்கிக் கூடு கட்டாது. தரையில், பாறை ஓரத்தில் லேசாகக் கீறி முட்டையிடும். வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டியே இல்லாத நாட்டில் அது புத்திசாலித்தனம்தான். அப்புறம் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பூனை வந்தது. முயலைக் கொண்டுவந்து, அது பெருகியதும் அதை ஒழிக்க 1880-களில் கீரி மாதிரியான ஸ்டோட்டைக் கொண்டுவந்தார்கள். முயல் ஒழியவில்லை, தரையில் இருந்த முட்டைக்கும் குஞ்சுக்கும்தான் ஆபத்து வந்தது. (ஸ்டார்லிங்கும் பிளாக்பேர்டும்கூட அவர்கள் கொண்டுவந்து விட்டவைதான். திராட்சைக்கொடியும் அப்படியே.)

சமவெளியில் இன்னொரு எமன் மின்கம்பம். உயரமான மரம் குறைவு என்பதால் வல்லூறு டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் போய் உட்காருகிறது. உடம்பின் ஒரு பக்கம் மின்சாரம் ஓடும் பாகத்திலும் மறுபக்கம் இரும்பிலும் பட்டால் அதோடு சரி. ரேடியோ கருவி கட்டிவிட்ட பறவைகளைத் தேடிப்போனவர்கள், கம்பத்தடியில் கருகிக் கிடந்தவற்றை நிறையப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாகங்களுக்கு உறை போட்டால் தீரும் பிரச்சினை இது. பணம் அதற்கும், ஸ்டோட் பொறிக்கும், கூடு கண்காணிப்புக்கும் போகிறதென்றால் எனக்குச் சண்டையே இல்லை.

ஆகவே அடுத்த முறை பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றுக்கு இத்தனை டாலர் என்று எண் இருக்கிறதா, பணம் போய்ச் சேரும் இடத்தின் பெயர் இருக்கிறதா? ‘வருமானத்தில் ஒரு பகுதி’ என்று மட்டும் இருந்தால், உங்கள் சந்தேகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பழக்கம் இல்லாதவர் என்றால் இன்னும் சுலபம்: அறக்கட்டளைக்கு நேராகவே பணம் அனுப்பச் சொல்லி மகளிடம் சொல்லுங்கள். நடுவில் பாட்டிலுக்கு என்ன வேலை?