ஒரே வளாகம், இரண்டு தொகுதி: அரசியல் அறிவியல் படிப்பு பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் ஒன்று வட கரோலினா ஏ அண்ட் டி. ஊர் கிரீன்ஸ்பரோ. 2015 முதல் 2019 வரை அங்கே இளங்கலை அரசியல் அறிவியல் படித்தேன். அதைப் பற்றிக் கேள்வி அனுப்பியவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிளஸ் டூ மாணவி, திருச்சி: அக்கா, இந்தப் பல்கலைக்கழகங்களில் கறுப்பினத்தவர் அல்லாதவர்கள் சேர முடியுமா?

தாராளமாகச் சேரலாம். இன்றைக்கு இவற்றில் படிப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்ல. 1964-க்கு முன் கறுப்பினத்தவரின் கல்விக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் என்பதுதான் சட்டத்தில் உள்ள வரையறை. அப்படி நூறு நிறுவனங்கள் அளவில் இருக்கின்றன. எங்களுடையது 1891-இல் வந்தது. அதற்கு முந்தைய வருடம் மத்திய அரசு ஒரு நிபந்தனை போட்டது: நிதி வேண்டுமானால் மாநிலக் கல்லூரியில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேருங்கள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாக ஒன்று கட்டுங்கள். தெற்கு மாநிலங்கள் தனியாகக் கட்டின.

கல்லூரி ஆசிரியர், மதுரை: பாடத்திட்டம் மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வேறுபடுகிறதா?

அமெரிக்க அரசாங்கம், ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், அரசியல் கோட்பாடு, அரசியல் சட்டம், ஆய்வு முறைகள் என்று பெயர்ப் பட்டியல் எங்கும் ஒன்றுதான் சார். எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்க அரசியல் சட்டம் தொடங்கும் "மக்களாகிய நாம்" என்ற வரியைப் படித்தவுடன், அந்த "நாம்" யாரெல்லாம் என்று முதல் வாரமே கேட்டுவிடுவார்கள். வாஷிங்டனில் உள்ள இன்னொரு கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்டில் 1928-இல் அரசியல் அறிவியல் துறையைத் தொடங்கிய ரால்ஃப் பன்ச், பின்னாளில் 1950-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் காலத்திலிருந்தே இனமும் அதிகாரமும் இந்தத் துறையின் நடுப் பாடமாக இருந்து வருகின்றன.

ஒப்பீட்டு அரசியல் வகுப்பில் இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தபோது, தமிழ்நாட்டின் 69 சதவீதம் எப்படி வந்தது என்று என்னை விளக்கச் சொன்னார்கள். அன்று இரவு நூலகத்தில் உட்கார்ந்து, சென்னை மாகாணத்தின் சாதிவாரி ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 1951-இன் செண்பகம் துரைராஜன் வழக்கிலிருந்தும் அதையொட்டி வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தத்திலிருந்தும் படிக்க ஆரம்பித்தேன். மறுநாள் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நம்முடைய வரலாற்றை அவ்வளவு அக்கறையோடு கேட்ட வகுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வாசகர், சென்னை: தொகுதி மறுவரையறை பற்றி இங்கே நிறையப் பேச்சு. அங்கே அது எப்படி நடக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நம் ஊரில் அதற்கு ஆணையம் உண்டு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே எல்லை வரைகிறது. ஜெயித்த கட்சி தனக்குத் தோதாக வரைந்துகொள்கிறது. ஜெரிமாண்டரிங் என்று அதற்குப் பெயர்.

2016-இல் வட கரோலினாவில் நாடாளுமன்றத் தொகுதிகளுக்குப் புது வரைபடம் வந்தது. பழைய வரைபடத்தில் இன அடிப்படையில் எல்லை போட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றம் தள்ளியதால் வந்தது. அதைத் தயாரித்த குழுவின் தலைவர்களில் ஒருவர், 13 இடங்களில் 10 எங்கள் கட்சிக்கு வரும்படி வரைகிறோம், 11 வரும்படி வரைய முடியாததால்தான் 10 என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கோடு எங்கள் வளாகத்தின் நடுவில் ஓடியது. லாரல் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொன்று. ஒன்று 6-ஆவது, மற்றது 13-ஆவது. பன்னிரண்டாயிரம் மாணவர்கள் ஒரே தொகுதியில் இருந்தால் அவர்கள் ஓட்டுக்கு ஒரு கனம் இருக்கும். இரண்டாகப் பிரித்துவிட்டால் இரண்டிலும் கரைந்துவிடும்.

2018 தேர்தலுக்கு முன் ஒரு சாயங்காலம். என் அறைத் தோழியும், தெருவுக்கு அந்தப் பக்க விடுதியில் இருந்த இன்னொரு தோழியும் மாதிரி வாக்குச்சீட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாக ஒப்பிட்டார்கள். ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) பதவிக்கு அதே பெயர்கள். நீதிபதிகளுக்கும் அதே பெயர்கள். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், என்ற வரிக்கு வந்ததும் இரண்டு விரலும் நின்றுவிட்டன. ஒரே வகுப்பு, ஒரே சாப்பாட்டுக் கூடம், வேறு வேறு வேட்பாளர்கள். எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பிரதிநிதித்துவம் என்ற சொல்லின் பொருள் அந்த மேசையில்தான் எனக்குப் பிடிபட்டது.

நான் பட்டம் வாங்கிய அடுத்த மாதம், 2019 ஜூனில், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. வழக்கு எங்கள் மாநிலத்து வழக்கேதான். பிறகு மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே தடை கிடைத்து வரைபடம் மாறியது. 2020 தேர்தலில் கிரீன்ஸ்பரோ முழுவதும் ஒரே தொகுதிக்குள் வந்தது.

சட்ட மாணவர், கோவை: விடுதியில் தங்கும் வெளியூர் மாணவர், படிக்கும் ஊரிலேயே ஓட்டுப் போடலாமா?

போடலாம் தம்பி. அந்த உரிமைக்காக வழக்காடிய இடமும் ஒரு கறுப்பினப் பல்கலைக்கழகம்தான்: டெக்சாஸ் மாநிலத்து ப்ரைரி வியூ ஏ அண்ட் எம். அங்கே வாக்காளர் பட்டியல் அதிகாரி, மாணவர்களுக்கு மட்டும் தனிக் கேள்வித்தாள் கொடுத்தார். படிப்பு முடிந்ததும் இங்கேயே இருப்பாயா, இங்கே சொத்து இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். அது செல்லாது என்ற தீர்ப்பை 1979-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: கமலா ஹாரிஸ் படித்ததும் இந்த மாதிரி இடத்தில்தானா?

ஆமாம் அம்மா. அவர் தாயார் சியாமளா கோபாலன் நம் தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பெண். மகள் ஹோவர்டில் அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் படித்து 1986-இல் பட்டம் வாங்கினார்.

ஒரு அப்பா, நியூ ஜெர்சி: பெண் ஆசைப்படுகிறாள். வேலை கிடைக்குமா என்று கவலையாக இருக்கிறது.

கவலை நியாயம்தான் ஐயா. இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நேராகப் போய் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அமெரிக்காவில் சட்டப் படிப்பு ஒரு பட்டத்துக்குப் பிறகு மூன்று வருடம். என்னோடு படித்தவர்களில் பலர் அந்த வழியில் போனார்கள். சிலர் அரசு வேலை, சிலர் தேர்தல் பிரசாரம், சிலர் ஆசிரியர் பணி. பெண்ணிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஆய்வு முறைகள், புள்ளியியல் வகுப்புகளைத் தட்டிக் கழிக்க வேண்டாம். கோடையில் பயிற்சிப் பணிக்குப் போகட்டும். காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில் இரண்டு மாதம் கடிதம் பிரித்தால்கூட நிறையப் புரியும்.

கட்டணத்தையும் பாருங்கள். சொந்த மாநிலத்து மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் குறைவு. வெளிநாட்டு மாணவருக்கு மத்திய அரசின் நிதி உதவி இல்லை. தகுதி உதவித்தொகையைத்தான் நம்ப வேண்டும்.

பிளஸ் டூ மாணவி, திருச்சி (மறுபடியும்): சேருவதற்கு முன்னால் எதைப் படிக்கட்டும் அக்கா?

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-ஆவது, 15-ஆவது திருத்தங்களைப் படி; சட்டத்தின் சமப் பாதுகாப்பும், இன வேறுபாடற்ற வாக்குரிமையும் அவற்றில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம்கூட வராது. அப்புறம் 1993-இன் ஷா எதிர் ரீனோ தீர்ப்பு. நெடுஞ்சாலையை ஒட்டி வாலாக நீண்டுபோன ஒரு தொகுதியைப் பற்றிய வழக்கு, அதுவும் வட கரோலினாவில்தான். தொகுதியின் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. கிரீன்ஸ்பரோ வந்தால் முதலில் நான்கு பேர் சிலைக்குப் போ. 1960 பிப்ரவரி 1 அன்று வூல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்ட எங்கள் பல்கலைக்கழகத்து முதல் வருட மாணவர்கள் அவர்கள். அந்தக் கடை இப்போது அருங்காட்சியகம். அந்த மேடையை அங்கே பார்க்கலாம். வளாகத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.